சபையில் நின்று வழக்குரைத்த தலைவியர்

பாறசாலைக்குக் கிழக்கே, எல்லையை ஒட்டிய ஒரு கிராமத்தில் எங்கள் உறவுக்காரக் குடும்பம் ஒன்று இருக்கிறது. அந்த வீட்டுப் பெண் பிள்ளை பத்தாம் வகுப்பு படிக்கிறாள். 2025 ஓண விடுமுறையில் ஒரு நாள் வந்து கேட்டாள்: “மாமா, கிளப் விழாவுக்கு மோனோ ஆக்ட் செய்யணும். தமிழில ஒண்ணு எழுதித் தருவியளா? பழைய நாடகத்தில வர்ற ராணி மாதிரி யாராவது வேணும். கடைசியில அழுகை வரணும்.” அழுகை எதுக்கு மக்களே என்று கேட்டேன். “அழுதாத்தான் மாமா பிரைஸ்” என்றாள்.

அவளுக்கு அன்று சொன்ன பதிலைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். வெளி மாநிலத்தில் வாழும் நம் குடும்பங்களில் ஆண்டு விழா, ஓணம், பொங்கல் என்று மேடை வரும்போதெல்லாம் இந்தத் தேவை எழுகிறது. பையன்களுக்குக் கட்டபொம்மன் இருக்கிறார்; வசனத்தை மனப்பாடம் செய்து கர்ஜித்துவிட்டு இறங்கிவிடுவான். பெண் பிள்ளைக்கு என்ன கொடுப்பது? கையில் கிடைப்பதெல்லாம் கண்ணீர்தான். ஆனால் நம் நாடகத் தலைவியர் உண்மையில் அழுதவர்களா, வாதாடியவர்களா என்று பார்த்தால் கணக்கு வேறு மாதிரி வருகிறது. அதிலும் பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்து மண்ணில் அந்த வாதாட்டத்தின் ஒலி இன்றும் அடங்கவில்லை.

முதலில் சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வோம். மேடையில் ஒரே ஒருவர் நின்று ஒரு பாத்திரமாகப் பேசுவதைத் தனிமொழி என்கிறோம். இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, தனக்குத்தானே பேசிக்கொள்வது. மற்றது, எதிரே ஒருவர் இருக்கிறார், ஆனால் அவர் பேச்சு நமக்குக் கேட்பதில்லை. பேசுகிறவரின் சொல்லிலிருந்தே அவரை நாம் ஊகிக்கிறோம். ஆங்கிலத்தில் இரண்டாவது வகையைத் தனிக் கவிதை வடிவமாக வளர்த்தவர் பிரவுனிங் என்பார்கள். 1842-இல் அவர் வெளியிட்ட ‘என் கடைசி டச்சஸ்’ பிரபலமானது. வேடிக்கை என்னவென்றால் அதில் அந்த டச்சஸ் ஒரு வார்த்தை பேசுவதில்லை. செத்துச் சுவரில் படமாகத் தொங்குகிறாள், பேசுகிறவன் புருஷன்.

நம்மிடம் இது மிகப் பழையது. சங்க அகப்பாட்டுகள் பெரும்பாலும் ஒருவர் பேச்சுத்தான்: தலைவி கூற்று, தோழி கூற்று, செவிலி கூற்று. தொல்காப்பியச் செய்யுளியல் செய்யுளின் உறுப்புகளைச் சொல்லும்போது கூற்று என்று ஓர் உறுப்பைச் சொல்லிவிட்டு, கேட்போர் என்றும் ஓர் உறுப்பைச் சொல்கிறது. களன் என்றும் சொல்கிறது. யார் பேசுகிறார், யார் கேட்கிறார், எந்த இடம் என்ற மூன்றும் இருந்தால்தான் பேச்சு உருப்பெறும் என்பது அதன் கருத்து. மோனோ ஆக்ட் எழுத உட்காருகிறவர்கள் இந்தக் ‘கேட்போர்’ என்ற உறுப்பைத்தான் மறந்துவிடுகிறார்கள். கேட்க ஆளில்லாத பேச்சுக்குக் கடைசியில் அழுகையைத் தவிர வேறு போக்கிடம் இல்லை.

தலைவியாகப் பேசியவர் யார்?

பழைய தமிழ் மேடையில் தலைவியாகப் பேசியவர்கள் பெரும்பாலும் ஆண்கள். ‘ஸ்திரீ பார்ட்’ என்று அதற்குப் பெயர். நம் திருவனந்தபுரத்துக்கும் இதில் பங்கு உண்டு. டி.கே.எஸ். சகோதரர்களின் தந்தை கண்ணுசாமிப் பிள்ளை பெண் வேடத்தில் பெயர் எடுத்தவர். அவர் மகன் டி.கே. சண்முகம் 1912-இல் திருவனந்தபுரத்தில் பிறந்து, 1918-இல் மதுரையில் சங்கரதாஸ் சுவாமிகள் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் சிறு பிள்ளையாகச் சேர்ந்தார். பின்னாளில் அவர் கிழவி வேடமிட்டு ஔவையாராக நடித்ததனால்தான் ‘ஔவை சண்முகம்’ ஆனார். சுவாமிகள் (1867–1922) எழுதிய பவளக்கொடி, வள்ளி திருமணம், கோவலன் சரித்திரம், சத்தியவான் சாவித்திரி ஆகியவற்றின் தலைவியர் சொன்னதெல்லாம் அந்தப் பால சபையில் விடலைப் பையன்களின் தொண்டையிலிருந்துதான் வந்தது.

பெண்கள் இல்லாமலும் இல்லை. கும்பகோணத்தில் பாலாமணி அம்மாள் பெண்களை மட்டுமே வைத்து நாடகக் கம்பெனி நடத்தினார். அங்கே ராஜ பார்ட்டும் பெண்தான். பிறகு கே.பி. சுந்தராம்பாள் வந்தார். அவருக்கு இணையாக நின்ற கிட்டப்பா பிறந்த செங்கோட்டை அன்று திருவிதாங்கூரில் இருந்த ஊர் என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்.

ஸ்பெஷல் நாடகம் என்ற முறை இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று. நடிகர்களைத் தனித்தனியாகப் பேசி அமர்த்துவார்கள். ராஜ பார்ட் ஓர் ஊர், ஸ்திரீ பார்ட் ஓர் ஊர். ஒத்திகை கிடையாது, மேடையில்தான் சந்திப்பார்கள். வள்ளி திருமணத்தில் நாரதர் ஒரு கேள்வி போடுவார். வள்ளி மடக்க வேண்டும். வேடனாக வந்த முருகன் ஒன்று சொல்வான். அதற்கும் பதில் வேண்டும். தர்க்கம் என்று இதற்குப் பெயர். விடிய விடிய உட்கார்ந்திருக்கிற ஊர், யார் ஜெயிக்கிறார் என்று பார்த்துக்கொண்டிருக்கும். பதில் சொல்லத் தெரியாத வள்ளிக்கு அடுத்த வருஷம் அந்த ஊரில் அழைப்பு வராது. ஆகவே வள்ளியாக நிற்கிறவர் மூளையில் பத்து இருபது தனிமொழிகள் எப்போதும் தயாராக இருக்க வேண்டும். வள்ளி என்றால் தினைப்புனத்தில் ஆடும் பெண் என்று மட்டும் நினைக்கிறோம். மேடை வள்ளி ஒரு வக்கீல்.

மலையாள மேடையும் இதற்குக் கடன்பட்டது. தமிழ் நாடகக் கம்பெனிகள் கேரளத்தில் சுற்றி வந்ததைப் பார்த்துத்தான் டி.சி. அச்சுத மேனன் 1892-இல் ‘சங்கீத நைஷதம்’ எழுதினார். அங்கும் ஆண்களே பெண்கள். குமாரன் ஆசானின் ‘கருணா’ நாடகமானபோது வாசவதத்தையாகப் புகழ் பெற்றவர் ஓச்சிற வேலுக்குட்டி. நல்லதங்காள் கதை 1950-இல் ‘நல்ல தங்க’ என்று மலையாளப் படமாகவே வந்தது.

நல்லதங்காளைத்தான் எல்லாரும் எடுத்துக்கொடுக்கிறார்கள். பஞ்சத்தில் அண்ணன் வீடு வந்து, அண்ணி மூளியலங்காரியிடம் அவமானப்பட்டு, ஏழு பிள்ளைகளையும் கிணற்றில் போட்டுவிட்டுத் தானும் விழுகிற கதை. அந்தக் கிணற்றங்கரைப் பேச்சுக்கு மேடையில் உருகாதவர் கிடையாது. ஆனால் அதைப் பதினைந்து வயதுப் பிள்ளையின் வாயில் வைக்க எனக்கு மனம் வருவதில்லை. கேட்கிறவர் யாரும் இல்லாமல், கிணறு மட்டும் கேட்கிற பேச்சு அது.

அரசன் முன்னால் ஒருத்தி

இனி கண்ணகியைப் பாருங்கள். சிலப்பதிகாரத்தில் அவள் தெருவில் கதறுகிறாள், உண்மை. ஆனால் அரண்மனைக்குள் வந்தபின் நடப்பது விசாரணை. யார் நீ என்று அரசன் கேட்கிறான். அவள் உடனே புருஷன் கதையைத் தொடங்குவதில்லை. தன் ஊரை முதலில் சொல்கிறாள். அந்த ஊரில் புறாவுக்காகத் தன் உடம்பை அறுத்தவனும், பசுவின் கன்றுக்காகத் தன் மகனையே தேர்க்காலில் இட்டவனும் ஆண்டதைச் சொல்கிறாள். அதாவது, நீதி என்றால் என்ன என்ற அளவுகோலை முதலில் அரசன் முன்னால் நட்டுவிட்டு, பிறகுதான் வழக்குக்கு வருகிறாள். அரசியின் சிலம்பில் முத்து, தன் சிலம்பில் மாணிக்கம் என்ற சான்று கடைசியில் வருகிறது. சிலம்பை உடைத்ததும் பரல் தெறிக்கிறது. அதோடு வழக்கு முடிந்தது. நான்கு நிமிட மேடைப் பேச்சுக்கு இதைவிட நல்ல வரிசை யாராலும் அமைத்துத் தர முடியாது.

இந்தக் கண்ணகி நமக்குப் புத்தகத்தில் மட்டும் இருப்பவள் இல்லை. ஆற்றுகால் கோயிலில் பொங்காலைத் திருவிழா நாட்களில் தோற்றம்பாட்டு பாடுகிறார்களே, அது கண்ணகி கதைதான். பாண்டியன் வதை பாடி முடிந்த பிறகே பண்டார அடுப்பில் தீ மூட்டுகிறார்கள். நெய்யாற்றின்கரையிலிருந்தும் பாறசாலையிலிருந்தும் விடியற்காலை பஸ் பிடித்துப் போய்ச் சாலை ஓரத்தில் மூன்று செங்கல் வைத்துக் காத்திருக்கும் நம் வீட்டுப் பெண்கள், வழக்கில் ஒருத்தி ஜெயித்த செய்திக்காகத்தான் காத்திருக்கிறார்கள். அது தமிழா மலையாளமா என்று பிரிக்க முடியாத பாட்டு. கோவலனுக்கு அதில் பாலகன் என்று பெயர். தெற்கே வந்தால் ஊருக்கு ஊர் முடிப்புரை என்ற பத்திரகாளி கோயில்கள் உண்டு; எல்லைக்கு அந்தப் பக்கம் கொல்லங்கோட்டில் தூக்கத் திருவிழா நடக்கும் கோயிலும் அந்த வகைதான்.

பாஞ்சாலியும் அப்படித்தான். சபைக்கு இழுத்து வரப்பட்டவள் முதலில் கேட்டது சட்டக் கேள்வி: தன்னையே தோற்றுவிட்டவனுக்கு என்னைப் பணயம் வைக்க என்ன உரிமை? பாரதியார் 1912-இல் ‘பாஞ்சாலி சபத’த்தின் முதல் பாகத்தை வெளியிட்டார். நம் பிள்ளைகள் மேடையில் தலைவிரி கோலத்தையும் சபதத்தையும் செய்கிறார்கள். அந்தக் கேள்வியை விட்டுவிடுகிறார்கள்.

மலையாளத்தில் நம் பிள்ளைகள் பள்ளியில் படிக்கும் குமாரன் ஆசானின் ‘சிந்தாவிஷ்டையாய சீதா’ (1919) ஒரு மகத்தான படைப்பு. வால்மீகி ஆசிரமத்தில் சீதை தனியே உட்கார்ந்து தன் வாழ்க்கை முழுவதையும் நினைத்துப் பார்க்கிறாள். நான் சொன்ன முதல் வகைத் தனிமொழிக்கு அதைவிட உயர்ந்த உதாரணம் தேட வேண்டாம். அந்தச் சீதை தனக்குள் பேசுகிறாள்; கண்ணகியும் பாஞ்சாலியும் சபையோடு பேசுகிறார்கள். இரண்டையும் ஒரே பிள்ளை தெரிந்துவைத்துக்கொள்ளக்கூடிய இடம் இந்த எல்லைப்புறம். 1956 நவம்பர் 1-ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் சென்னை மாநிலத்துக்குப் போயின. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. நின்றதில் இழந்ததைப் பற்றி நாம் நிறையப் பேசியாயிற்று. கையில் இருப்பதையும் கொஞ்சம் எண்ணிப் பார்க்கலாம்.

நீலி

அந்தப் பிள்ளையிடம் நீலி பெயரைச் சொன்னதும் கண் விரிந்தது. “லோகா படத்து நீலியா மாமா?” அந்த ஓணத்துக்கு வந்த மலையாளப் படத்தில் கள்ளியங்காட்டு நீலிதான் நாயகி. நல்லதாகப் போயிற்று, பாதி வேலை முடிந்தது.

கள்ளியங்காட்டு நீலி, பஞ்சவன்காட்டு நீலி என்று நாகர்கோவில் பக்கம் வில்லுப்பாட்டில் பாடுவார்கள். கொடை விழாவில் வில்லின் நாணில் மணி குலுங்க, வலப்புறம் புலவர் பாட, இடப்புறம் பின்பாட்டு எடுக்க, குடமும் உடுக்கும் சேர்ந்துகொள்ள, இசக்கியம்மன் சன்னதியில் இந்தக் கதை போகும். பாடும் புலவருக்குப் புலவர் பெயரும் ஊரும் மாறும், சாரம் இதுதான். கோயில் பூசாரி ஒருவன் தாசி மகள் ஒருத்தியின் பொருளையெல்லாம் கரைக்கிறான். அவளைக் கள்ளிச் செடி அடர்ந்த காட்டுக்குக் கூட்டிப் போய், தன் மடியில் தலை வைத்துத் தூங்குகிறவளின் தலையில் கல்லைப் போட்டுக் கொல்கிறான். சாகும்போது அந்தக் கள்ளியைத்தான் அவள் சாட்சிக்கு அழைக்கிறாள். மறு பிறவியில் அவன் ஆனந்தன் என்ற செட்டி. அவள் நீலி என்ற பேய். மந்திரித்த வாள் அவனைக் காக்கிறது. அவள் கள்ளிக் கொப்பை ஒடித்துக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, ஊர்க் கரையாளர் எழுபது பேர் முன்னால் வந்து நிற்கிறாள்: இவர் என் புருஷன், என்னை விட்டுவிட்டு ஓடுகிறார் என்று. குழந்தை ஆனந்தனைப் பார்த்து அப்பா என்று போகிறது. அவன் அலறுகிறான், இவள் பேய் என்று. சபை யாரை நம்பும்? பிள்ளையோடு நிற்கிற பெண்ணை நம்புகிறது. உனக்கு ஏதாவது நேர்ந்தால் எங்கள் உயிரை ஈடு தருகிறோம் என்று வாக்குக் கொடுத்து, வாளையும் வாங்கி வைத்துக்கொண்டு, இருவரையும் ஓர் அறையில் விட்டுக் கதவைச் சாத்துகிறார்கள். காலையில் ஆனந்தன் பிணம். வாக்குத் தவறாமல் எழுபது பேரும் தீயில் இறங்குகிறார்கள்.

திருவாலங்காட்டுக்கு அடுத்த பழையனூரிலும் இதே கதை உண்டு. ஏழாம் நூற்றாண்டில் சம்பந்தர் தேவாரமே இதைச் சுட்டுகிறது. நம்மூருக்கு அது எப்படி வந்தது, இங்கிருந்துதான் போனதா என்ற ஆராய்ச்சிக்குள் நான் போகவில்லை. எனக்கு முக்கியமாகத் தோன்றுவது வேறு. சபையின் முன்னால் நீலி சொல்வதெல்லாம் இந்தப் பிறவிக்குப் பொய். போன பிறவிக்கு அத்தனையும் உண்மை. ஒரே வாக்கியம் கரையாளர் காதில் ஒரு மாதிரியும், ஆனந்தன் காதில் வேறு மாதிரியும் விழுகிறது. நடிக்கத் தெரிந்த பிள்ளைக்கு இதைவிட ருசியான பேச்சு கிடைக்காது. கண்ணகிக்குச் சிலம்பு இருந்தது. கொலைக்குச் சாட்சியே இல்லாதவள் என்ன செய்வாள் என்ற கேள்விதான் நீலி.

இந்த வாதாடும் நீலியை நம் முன்னோர் பேயாக மட்டும் விட்டுவிடவில்லை. ஐஞ்சிறு காப்பியங்களில் ஒன்றான நீலகேசியில் அதே பழையனூர் நீலி ஒரு சமண முனிவரிடம் அடங்கி, சமயம் கற்று, ஊர் ஊராகப் போய்ப் பௌத்தர் முதலானோரைத் தர்க்கத்தில் வெல்கிறாள். ரத்தம் குடித்த வாய் தத்துவம் பேசுகிறது! இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மார்த்தாண்டத்துக்கு அருகே உள்ள சிதறால் மலை நினைவுக்கு வரும். திருச்சாரணத்துமலை என்ற அந்தப் பழைய சமணத் தலத்தில் ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. குணந்தாங்கிக் குரத்திகள் என்ற பெண் துறவி அங்குள்ள பட்டாரியாருக்குப் பொன் கொடுத்ததைச் சொல்கிறது. குரத்தி என்றால் பெண் குரு. ஆயிரம் ஆண்டுக்கு மேலான செய்தி. நீலகேசிக்கும் இந்தக் குரத்திக்கும் முடிச்சுப் போட நான் வரவில்லை. பெண் குரு இருந்து கற்பித்த மலை நம் பிள்ளைகள் சுற்றுலா போகிற தூரத்தில் இருக்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

வில்லடியிலும் நெடுங்காலம் நீலி கதையைப் பாடியவர்கள் ஆண் புலவர்களே. 2018-இல் மறைந்த பூங்கனி போன்ற ஒரு சிலர்தான் பெண்ணாக இருந்து வில்லின் முன்னால் உட்கார்ந்து கதையை நடத்தினார்கள். சபை ஏறுவது அத்தனை சுலபமாக இருந்ததில்லை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வருஷந்தோறும் நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்துச் சரஸ்வதி திருவனந்தபுரம் போகிறாள். வேளிமலை முருகனும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் கூட வருகிறார்கள். களியக்காவிளையில் வரவேற்பு, நெய்யாற்றின்கரையில் இரவுத் தங்கல். வாக்குக்கே தெய்வமான அந்த அம்மன் நம் வாசல் வழியாகத்தான் போகிறாள். ஆனால் அவள் போய்ச் சேரும் நவராத்திரி மண்டபத்தில் பெண்கள் பாடியதில்லை. 2006-இல்தான் அந்த வழக்கம் முறிந்தது. முறித்தவர் 1924-இல் பாறசாலையில் பிறந்த பொன்னம்மாள். பாறசாலை பி. பொன்னம்மாள் அப்போது எண்பது வயதைக் கடந்தவர், 2021-இல் மறைந்தார். சரஸ்வதியின் முன்னால் ஒரு பெண் வாய் திறக்க 2006 வரை ஆயிற்று என்றால், நம் பிள்ளை மேடை ஏறி நாலு நிமிஷம் வாதாடுவது சின்ன விஷயமா?

பேசாத மனோன்மணி

பெ. சுந்தரம் பிள்ளையின் ‘மனோன்மணீயம்’ 1891-இல் வந்தது. தமிழ்த்தாய் வாழ்த்து அதிலிருந்து எடுக்கப்பட்டது என்பது எல்லாருக்கும் தெரியும். ஆலப்புழையில் பிறந்து திருவனந்தபுரத்தில் தத்துவப் பேராசிரியராக இருந்தவர் எழுதிய நாடகம் அது. லிட்டன் பிரபுவின் ‘ரகசிய வழி’ என்ற கதைதான் மூலம். ஆனால் போர் மூளுவது நாஞ்சில் நாட்டை முன்வைத்து. பாண்டியன் ஜீவகனுக்கும் சேரன் புருடோத்தமனுக்கும். அதாவது கதையில் சண்டைக்குக் காரணமான நிலம் நம் பக்கத்து வீடு.

மனோன்மணி நூலுக்கே பெயர் தந்தவள். கனவில் கண்டவனை நேசிக்கிறாள். அவன் யார் என்றே தெரியாது. நாடு தோற்கும் நிலையில், மந்திரி குடிலனின் மகன் பலதேவனை மணக்கச் சம்மதிப்பாயா என்று தந்தை கேட்கிறார். சம்மதிக்கிறாள். கேட்பது ஒன்று, தோழி வாணிக்கு அவள் விரும்பிய நடராசனோடு மணம் நடக்க வேண்டும் என்பது. நள்ளிரவு மணமேடையில், சுரங்க வழியாக வந்து நிற்கும் புருடோத்தமனைக் கண்டதும் மாலையை அவனுக்குப் போட்டுவிடுகிறாள். அந்த இடத்தில் அவளுக்கு நீண்ட பேச்சு எதுவும் ஆசிரியர் வைக்கவில்லை. படிக்கிறவருக்கு அது அழகு. மேடையில் ஒரு பெண் பிள்ளை என்ன செய்வாள்?

அங்கேதான் நாம் எழுத வேண்டும். சம்மதம் சொன்னதற்கும் மணமேடைக்கும் இடையில் உள்ள நேரத்தில் அவள் வாணியிடம் என்ன சொல்லியிருப்பாள்? அப்பாவைப் பற்றிக் கோபமே இல்லையா? பழைய நாடகத்தை மாற்றுவது பாவமில்லை. ஔவையை டி.கே. சண்முகம் கிழவியாகக் காட்டினார். 1953-இல் ஜெமினி படத்தில் சுந்தராம்பாளும் அப்படியே வந்தார். இன்குலாப் 1998-இல் எழுதி அ. மங்கை மேடையேற்றிய ‘ஔவை’யில் அவள் அதியமானோடு பழகிய இளம் பாணர் குலப் பெண். சங்கப் பாட்டைப் படித்தால் அதற்கும் இடம் இருக்கிறது. நாகர்கோவில் பக்கம் தாழக்குடியில் ஆடிச் செவ்வாய்க்கு ஔவையாரம்மனுக்குக் கொழுக்கட்டை அவிக்கப் போகும் பெண்களுக்கோ அவள் அம்மன். ஒரே பெயர், மூன்று பெண்கள்.

எழுதும் வகை

அந்தப் பிள்ளைக்கு நான் எழுதிக் கொடுத்தது நீலிதான். எழுதுமுன் அவளிடமே கேட்டேன்: எதிரே யார்? கரையாளர். எத்தனை பேர்? எழுபது. அவர்கள் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள்? பார்வையாளர் இருக்கும் இடத்தில். ஆனந்தன் எங்கே? வலது பக்கம், கொஞ்சம் தள்ளி. இவ்வளவும் தீர்ந்த பிறகுதான் முதல் வரி. மொழி நம் வீட்டு மொழியாகவே இருக்கட்டும் என்றேன். செந்தமிழ் வசனம் என்றால் அவள் மனப்பாடம் ஒப்பிப்பாள். வீட்டுப் பேச்சென்றால் பேசுவாள். ஒரு பகுதி இது:

“ஐயாமாரே, நான் யாருன்னு கேக்கிய. இந்தா நிக்காரே, இவருகிட்ட கேளுங்க. முகத்தைத் திருப்புகாரு, பாத்தியளா? முன்னப் பின்னத் தெரியாதவளைக் கண்டா ஒரு மனுசனுக்கு இப்பிடி வேர்க்குமா? இவரு மடியில தலை வச்சுத் தூங்கினவ நான். நம்பித்தான் தூங்கினேன். முழிச்சப்போ எல்லாம் போச்சு. சாட்சி உண்டான்னு கேக்கிய. இந்தப் பிள்ளைதான் சாட்சி. அன்னைக்கு அங்க நின்னது இது ஒண்ணுதான். இதுக்கு வாய் வரல்ல. வந்தா எல்லாம் சொல்லும். இவரு இடுப்பில ஒரு வாளு கெடக்கு. பொஞ்சாதியோட வீட்டுக்குப் போறவருக்கு வாளு எதுக்கு? அதை நீங்களே வாங்கி வைங்க. இவருக்கு ஒண்ணு வந்தா உங்க உசிரைத் தாறோம்னு சொன்னிய. நான் கேக்கல்ல, ஐயா. நீங்களாத் தந்த வாக்கு அது. எனக்கு ஓர்மை இருக்கு. செரி, நேரம் இருட்டியாச்சு. கதவைப் பையச் சாத்துங்க, பிள்ளை முழிச்சிரும்.”

இதில் பொய் என்று ஒரு வரியைக் காட்டுங்கள் பார்ப்போம். “அன்னைக்கு அங்க நின்னது இது ஒண்ணுதான்” என்கிற இடத்தில் அவள் குழந்தையைப் பார்க்கக் கூடாது, ஆனந்தனைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன். கடைசி வரியில் குரலை ஏற்றவே கூடாது. அழுகைக்கு இதில் இடமே இல்லை. பிரைஸ் போய்விடும் என்று அவளுக்குக் கவலைதான்.

அவள் அதை மலையாள எழுத்தில் எழுதிக்கொண்டாள். தமிழ் வீட்டுப் பிள்ளை தமிழ் எழுத்துத் தெரியாமல் இருக்கிறதே என்று எனக்கும் முதலில் சுருக்கென்றது. பிறகு அவள் வாசிக்கக் கேட்டேன். ழகரமும் ளகரமும் றகரமும் மலையாள எழுத்திலும் தனித்தனியாக இருப்பதால் உச்சரிப்பு ஒன்றும் கெடவில்லை. தமிழ்நாட்டு நகரத்துப் பிள்ளைகளைவிடச் சுத்தமாகவே ‘முழிச்சப்போ’ என்றாள். ‘ஓர்மை’ என்ற சொல்லைப் பார்த்து இது மலையாளமல்லவா என்று கேட்டாள். உன் பாட்டி என்ன சொல்லுவாள் என்று கேட்டேன். யோசித்துவிட்டு, ஓர்மைன்னுதான் என்றாள். எழுத்தைப் பின்னால் சொல்லிக் கொடுக்கலாம். அவளே கேட்கிறாள், ஞாயிற்றுக்கிழமை வரட்டுமா என்று. ஒத்திகையைப் பாட்டி முன்னால் செய்யச் சொல்லியிருக்கிறேன். சொல் பிசகினால் அவர் விடமாட்டார்.

செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு ஒரு விஷயம். நாலு நிமிஷத்துக்கு மேல் போக வேண்டாம். வேஷத்துக்குச் சாதாரணச் சேலை போதும். தலைவிரி கோலமும் சிவப்பு விளக்கும் வேண்டாம், பேய் என்று முதலிலேயே தெரிந்துவிட்டால் கரையாளர் நம்பியது முட்டாள்தனமாகிவிடும். இடுப்பில் வைத்துக்கொள்ள உண்மையான கள்ளிக் கொப்பை ஒடித்துக் கொடுத்துவிடாதீர்கள். கள்ளிப் பால் கண்ணில் பட்டால் பெரிய தொந்தரவு. பழைய துண்டு ஒன்றைச் சுருட்டிப் பிள்ளை மாதிரி கட்டிக் கொடுத்தால் போதும்.